கப்டன் வொல்கானோவின் வலது முழங்கால்

என் வாழ்நாளில் நான் நேருக்கு நேர் சந்தித்தது ஒரேயொரு சுப்பர் ஹீரோவைத்தான். அவருடைய காலை முறித்ததும் நான்தான்.

பெயர் கப்டன் வொல்கானோ. எரிமலைக்குள் குதித்துக் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வருபவர். உயரம் ஒன்பது அங்குலம். கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டுக் கண்ணாடி அலுமாரிக்குள், தான் வந்த பெட்டியின் ஒட்டுக்கூடப் பிரியாமல், பதினான்கு வருடங்கள் சகல சௌக்கியத்துடனும் நின்றவர். என் கையில் அகப்பட்டு ஒரு மணித்தியாலத்துக்குள் ஒற்றைக் காலுக்கு வந்துவிட்டார். உலகத்து வில்லன்கள் எல்லாம் சேர்ந்தும் செய்ய முடியாததை, வாளித் தொழிற்சாலை ஊழியன் ஒருவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்து முடித்தான்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், வேறு மூன்று பேருடன் ஓர் அறையில் இருந்தேன். சண்டைக் காலம். தெருவில் இறங்கும்போது செருப்பை மறந்தாலும் அடையாள அட்டையை மறக்கக் கூடாது. இரத்மலானைப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை. பதவி, தரக் கட்டுப்பாட்டு உதவியாளர். ஊருக்கு எழுதும் கடிதங்களில் 'உதவியாளர்' என்ற சொல்லை மட்டும் விட்டுவிடுவேன். (கடதாசி மிச்சம் பிடிக்கத்தான்.)

என் வேலை வாளிகளைச் சோதிப்பது. தண்ணீர் நிரப்பி ஒழுகுகிறதா என்று பார்ப்பேன். கைபிடியை ஐம்பது தடவை தூக்கித் தூக்கி மடக்கி, முறிகிறதா என்று பார்ப்பேன். பிறகு படிவம் நிரப்பி, ஊதா மையில் ஒரு முத்திரை. நல்ல வாளிக்கு 'பாஸ்', கெட்ட வாளிக்கு 'ரிஜெக்ட்'. நல்லது எது, கெட்டது எது என்று சொல்லும் அதிகாரத்தை ஒருவனுக்குக் கொடுத்துப் பாருங்கள். அது வெறும் வாளியைப் பற்றியதாக இருந்தாலும் அவனுடைய நடை மாறிவிடும். என் நடை நன்றாகவே மாறியிருந்தது.

அந்தப் படிவங்களைத் தட்டச்சுச் செய்தவள் ஸ்டெல்லா. 'நீர் ஒழுகுதல்: இல்லை' என்ற என் வசனத்தை இரண்டு வருடம் அடித்த பின்னும் என்னைக் காதலித்தாள் என்றால் அவளுடைய பொறுமையை நீங்களே அளந்துகொள்ளுங்கள். கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் குடும்பம். அப்பா மரியநாயகம், துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கி ஓய்வுபெற்றவர். யாழ்ப்பாணத்துப் பெடியன்களைப் பற்றி அவருக்கு உறுதியான ஓர் அபிப்பிராயம் இருந்தது. அது என்னவென்று ஸ்டெல்லா கடைசிவரை எனக்குச் சொல்லவில்லை.

மரியநாயகம் அங்கிளுக்கு ஒரு பைத்தியம் இருந்தது. கப்பல்காரர்கள் கொண்டுவந்து கொடுத்த சுப்பர் ஹீரோ உருவங்களைச் சேர்த்து வைத்திருந்தார். பொம்மை என்று சொன்னால் முகம் கறுத்துவிடும். 'ஃபிகர்' என்றுதான் சொல்ல வேண்டும். (வெள்ளவத்தை அறையில் 'ஃபிகர்' என்ற சொல்லுக்கு வேறு அர்த்தம் இருந்தது. அதனால் முதலில் எனக்குக் கொஞ்சம் குழப்பம்.) அந்தக் கூட்டத்தின் தலைவர்தான் கப்டன் வொல்கானோ.

கொள்ளுப்பிட்டியில் செல்வரட்ணம் என்று ஓய்வுபெற்ற சட்டத்தரணி ஒருவர் இருந்தார். அவருக்கும் இதே பைத்தியம். கப்டனைக் கொடுத்தால் பதிலுக்குத் தன்னிடமுள்ள ஐந்து உருவங்களைத் தருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். ஒன்றுக்கு ஐந்தா என்று மரியநாயகத்துக்கு நித்திரை போய்விட்டது. அவர் நேர்மையான மனிதர். தன்னுடையது உண்மையில் நல்ல சாமானா என்று தெரியாமல் கைமாற்றக் கூடாது என்று நினைத்தார். அப்போதுதான் ஸ்டெல்லா வாயைத் திறந்தாள்.

"டடி, எங்கட ஒபிஸ்ல ஒரு குவாலிட்டி இன்ஸ்பெக்டர் இருக்கிறார்."

மறுநாள் அதை என்னிடம் சொன்னபோது எனக்கு வியர்த்தது.

"எனக்கு அந்தச் சாமானுகளைப் பற்றி ஒண்டும் தெரியாதே, ஸ்டெல்லா."

"பிளாஸ்டிக்தானே?" என்றாள். "வீட்டுக்குள்ள வர ஒரு சாட்டு வேணும் எண்டு எத்தின மாசமா சொல்றீங்க? இதுதான் சாட்டு. வாங்க, பாருங்க, நல்லது எண்டு சொல்லுங்க, பற்றிஸ் சாப்பிடுங்க, போங்க."

எவ்வளவு தெளிவான அறிவுறுத்தல்! இதில் ஒன்றை மட்டும்தான் நான் செய்தேன். பற்றிஸ் சாப்பிட்டேன்.

ஆயத்தம் செய்யாமல் போகக் கூடாது என்று சனிக்கிழமை புறக்கோட்டைக்குப் போனேன். விளையாட்டுச் சாமான் மொத்தமாக விற்கும் ஒரு கடை. உரிமையாளர் என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்த முஸ்லிம். அவர்களிடத்தில் அண்ணன் என்றால் 'நானா'.

"நானா, ஒரிஜினலையும் டூப்ளிகேட்டையும் எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?"

அவர் சுற்றிவரப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மணந்து பாருங்க தம்பி. ஒரிஜினல் மணக்காது. டூப்ளிகேட் மண்ணெண்ண மாதிரி மணக்கும். எழுத்தையும் பாருங்க. டூப்ளிகேட்ல எழுத்துப் பிழ இருக்கும்."

"உங்கட கடைச் சாமான்?"

"நம்மடது எல்லாம் நல்லா மணக்கும்" என்றார் பெருமையாக.

ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் கொட்டாஞ்சேனை வீட்டு வாசலில் நின்றேன். கழுத்துப்பட்டி கட்டியிருந்தேன். கையில் ஒரு பெட்டிப் பை. அதற்குள் பூதக்கண்ணாடி, சமையல் தராசு, சவர பிளேட், வாளிப் படிவம், தொழிற்சாலையிலிருந்து எவரையும் கேட்காமல் எடுத்துவந்த இரண்டு முத்திரைகள், ஊதா மைப்பெட்டி. முத்திரைகளை ஏன் கொண்டுபோனேன் என்று இன்றுவரை ஸ்டெல்லா கேட்கிறாள். அவை இல்லாமல் நான் வெறும் தயாபரன், அதனால்தான்.

"வாங்க தம்பி, இருங்க" என்றார் மரியநாயகம். கை குலுக்கினார். பாரந்தூக்கியின் நெம்புகோலைப் பிடித்துப் பழகிய கை. என் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

அலுமாரியைத் திறந்து, இரண்டு கையாலும் பெட்டியை எடுத்து வந்து மேசையில் வைத்தார். முன்பக்கம் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக். உள்ளே கப்டன். சிவப்பு உடை, தோளில் செம்மஞ்சள் சால்வை, இடுப்பில் கை. நெஞ்சில் அவருடைய பெயர்.

"இது ஒரு கிரேக்கக் கப்பல் இன்ஜினியர் தந்தது" என்றார். "பாரந்தூக்கியில இருந்து ஒரு பெட்டி கழண்டு விழப் பாத்தது. கீழ அவர் நிக்கிறார். நான் கைய மாத்திப் பிடிச்சுத் திருப்பிட்டேன். மற்ற நாள் வந்து இதத் தந்து கட்டிப் பிடிச்சார். பாஷ தெரியாது, அழுதார். அண்டைக்குத் தொடக்கம் நான் இதத் திறந்ததே இல்ல."

நான் தலையை ஆட்டினேன். பிளேடை எடுத்தேன்.

"திறக்கணுமா தம்பி?"

"திறக்காமல் எப்பிடி அங்கிள் செக் பண்றது? தண்ணி ஊத்தாமல் வாளியைப் பாஸ் பண்ணேலுமோ?"

கதவருகில் நின்ற ஸ்டெல்லா கண்ணால் ஏதோ சொன்னாள். காதலோடு பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

ஒட்டு 'சர்ர்' என்று பிரிந்தது. மரியநாயகம் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். கப்டனை வெளியே எடுத்து மணந்து பார்த்தேன். ஏதோ மணந்தது. (அது என் மைப்பெட்டி என்று வீட்டுக்குப் போன பிறகுதான் புரிந்தது.) தராசில் வைத்தேன். நூற்றுத் தொண்ணூறு கிராம். அது கூடவா குறைவா என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் "ம்ம்" என்று நீட்டிச் சொன்னேன். அங்கிளின் முகம் வாடியது. அந்த 'ம்ம்' ஒரு மனிதரை இவ்வளவு பயமுறுத்துகிறதே என்று எனக்கு உள்ளூர உற்சாகம் வந்துவிட்டது.

"ஒரு பேசின்ல தண்ணி கொண்டு வாங்கோ" என்றேன்.

கப்டனை அமிழ்த்தினேன். கழுத்து வழியாகக் குமிழ்கள் வந்தன. படிவத்தில் எழுதினேன்: 'நீர் ஒழுகுதல்: உண்டு.' அடுத்தது கைபிடிச் சோதனை. கப்டனுக்குக் கைபிடி இல்லை. ஆகவே வலது காலைப் பிடித்துத் தூக்கி மடக்கத் தொடங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று. மரியநாயகம் என்னோடு சேர்ந்து உதட்டுக்குள் எண்ணினார். பதினேழில் 'டக்' என்றது. முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதி என் கையில் இருந்தது. கப்டன் மேசையில் கிடந்தார். இடுப்பில் வைத்த கையை அவர் எடுக்கவே இல்லை.

தெருவில் பேக்கரிப் பாண் விற்பவரின் மணி கேட்டது.

இந்த இடத்தில் ஒரு நல்ல மனிதன் மன்னிப்புக் கேட்டிருப்பான். நான் 'கைபிடி: பலவீனம்' என்று எழுதினேன். பூதக்கண்ணாடியை எடுத்து அவருடைய நெஞ்சைப் பார்த்தேன். அங்கே கிடைத்தது எனக்கு விடுதலை. 'வொல்கானோ' என்று இருக்க வேண்டிய இடத்தில், ஆங்கில எழுத்துகள் இரண்டு இடம் மாறி, 'வொக்லானோ' என்று இருந்தது.

"எழுத்துப் பிழை அங்கிள். இது டூப்ளிகேட்."

சொல்லிவிட்டு, பெட்டியின் முன்பக்கத்தில், கப்டனின் படத்துக்கு மேலே, முழுப் பலத்தோடு முத்திரையைக் குத்தினேன். ரிஜெக்ட்.

மரியநாயகம் கதிரையில் அமர்ந்தார். "அப்ப அந்த மனுஷன் என்ன ஏமாத்தினாரா?" என்று மெல்லக் கேட்டார். "அழுதாரே தம்பி."

எழுந்து போய் அவருடைய கையைப் பிடிக்க நினைத்தேன். ஆனால் முத்திரை குத்தியாகிவிட்டது. முத்திரை குத்திய பிறகு எங்கள் தொழிற்சாலையில் எவரும் மனம் மாறியதில்லை.

கொஞ்ச நேரத்தில் அவர் எழுந்து சேர்ட் மாற்றிக்கொண்டு வந்தார். "லோயர் ஐயாவுக்கு உண்மையச் சொல்லணும். வேணாம் எண்டு சொல்லிட்டு வருவோம். நீங்களும் வாங்க, நீங்கதான் சாட்சி." கப்டனைப் பெட்டியில் வைத்து, காலைத் தனியாகக் கைலேஞ்சித் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டார்.

கொள்ளுப்பிட்டிக்குக் கொஞ்சம் முன்னால் பஸ்ஸை நிறுத்திச் சோதித்தார்கள். எல்லோரும் இறங்கிப் பைகளைத் திறந்து வரிசையில் நின்றோம். பொலிஸ்காரர் என் அடையாள அட்டையைப் பார்த்தார். பிறந்த இடம் யாழ்ப்பாணம். பிறகு என் பைக்குள் கையை விட்டார். பிளேட் வந்தது. மைப்பெட்டி வந்தது. பிறகு ஒரு முத்திரை. பிறகு இன்னொரு முத்திரை.

"மே சீல் மொகடத?" என்றார். எதற்கு இந்த முத்திரை என்கிறார் என்று புரிந்தது. அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்து இளைஞன் ஒருவனின் பையில் முத்திரை இருந்தால், கள்ளக் கடிதம், கள்ளப் பாஸ் என்று எவ்வளவோ யோசிக்க இடமுண்டு. எனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதும் தொழிற்சாலைக் களஞ்சியத்தில் கற்றது. வாளி, மூடி, பேனை, பெட்டி. இந்த நான்கு சொற்களை வைத்து என்னுடைய நிரபராதித்தனத்தை எப்படி விளக்குவது?

பக்கத்திலிருந்த காவலரணுக்குள் கொண்டுபோனார்கள். பஸ் போய்விட்டது. மரியநாயகம் அங்கிளைப் போகச் சொன்னார்கள். அவர் போகவில்லை. பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் பின்னாலேயே உள்ளே வந்தார்.

மேசைக்குப் பின்னால் இருந்த இன்ஸ்பெக்டர் 'ரிஜெக்ட்' முத்திரையை எடுத்து ஒரு கடதாசியில் குத்திப் பார்த்தார். வாசித்தார். என்னைப் பார்த்தார். மீண்டும் வாசித்தார். அவருக்கும் அது சரியாகத்தான் பட்டது போலும். இந்த மாதிரி உள்ளே போன எத்தனையோ பேர் மாதக்கணக்கில் வெளியே வரவில்லை என்பது எங்கள் அறையில் எல்லோருக்கும் தெரியும்.

மரியநாயகம் முன்னால் வந்தார். துறைமுகத்துச் சிங்களம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. பெட்டியைத் திறந்து கப்டனைக் காட்டினார். கைலேஞ்சியை விரித்துக் காலைக் காட்டினார். என் வாளிப் படிவத்தைக் காட்டினார். ஏதோ சொன்னார். இன்ஸ்பெக்டர் காலை எடுத்துக் கப்டனின் முழங்காலில் பொருத்திப் பார்த்தார். அது விழுந்தது. கடைசியாக என்னைக் காட்டி, "மெயா கவுத?" என்றார். இவர் யார்?

மரியநாயகம் ஒரு கணம் என்னைப் பார்த்தார். ஒரு பெருமூச்சு விட்டார்.

"மகே பேனா, மஹத்தயா."

எனக்குப் புரிந்துவிட்டது! களஞ்சியத்துச் சொல். பேனை கேட்கிறார்கள், எழுதப் போகிறார்கள். சேர்ட் பையிலிருந்து என் பேனையைச் சட்டென்று எடுத்து, இரண்டு கையாலும் பணிவாக இன்ஸ்பெக்டரிடம் நீட்டினேன்.

இன்ஸ்பெக்டர் பேனையைப் பார்த்தார். மரியநாயகத்தைப் பார்த்தார். மரியநாயகம் கண்ணை மூடிக்கொண்டார். இன்ஸ்பெக்டரின் மீசை ஒரு பக்கம் ஆடியது. என் பேனையாலேயே தடித்த புத்தகத்தில் எதையோ எழுதி, அங்கிளிடம் கையெழுத்து வாங்கி, பேனையை மூடி மரியாதையாக என்னிடம் தந்து, வாசலைக் காட்டினார். முத்திரைகளை மட்டும் வைத்துக்கொண்டார்.

வெளியே வந்து கொஞ்சத் தூரம் நடந்த பிறகு கேட்டேன்.

"அங்கிள், கடைசியா ஏன் பேனை கேட்டனீங்கள்?"

அவர் நின்றார். "பேனை இல்ல தம்பி. பேனா. சிங்களத்தில மருமகன். சொந்தக்காரன் எண்டாத்தான் விடுவாங்க. வேற என்னத்தச் சொல்ல?"

காலி வீதியில், வெயிலுக்குள், என் தலைக்குள் நாதஸ்வரமும் கோவில் மணியும் ஒன்றாக அடித்தன. அடுத்த கால் மணித்தியாலம் நான் நடந்தேனா பறந்தேனா என்று தெரியாது. கப்டனுக்குத்தான் பறக்கத் தெரியும், ஆனால் அவர் பெட்டிக்குள் இருந்தார்.

சட்டத்தரணி செல்வரட்ணம் மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு கப்டனின் நெஞ்சைப் பார்த்தார். பெட்டியை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்து மறுபடி பார்த்தார்.

"வொக்லானோ..." என்றார், திருவாசகம் சொல்வது போல. "மிஸ்டர் மரியநாயகம், இதுதான் முதல் முதல் அடிச்ச தொகுதி. பிழையைக் கண்டதும் கொம்பனி நிப்பாட்டித் திருத்திப் போட்டுது. பிழையோட வந்தது கொஞ்சம்தான். நான் இத்தினை வருசமாத் தேடினது இந்தப் பிழையைத்தான். நூறு வீதம் ஒரிஜினல்." பிறகு பெட்டியைத் திருப்பினார். கிழிந்த ஒட்டைப் பார்த்தார். ஈரத்தைத் தடவினார். கைலேஞ்சியை விரித்தார். கடைசியில் ஊதா முத்திரையைப் பார்த்தார். "ஆர் இதைச் செய்தது?"

சுவரில் மறைய ஒரு துவாரம் தேடினேன். சட்டத்தரணி வீட்டுச் சுவர் நன்றாகப் பூசப்பட்டிருந்தது.

"மருமகன்" என்றார் மரியநாயகம்.

சட்டத்தரணி தருவதாகச் சொன்ன ஐந்து உருவங்களும் அவருடைய அலுமாரியிலேயே நின்றன. தேநீர்கூட வரவில்லை.

பஸ் தரிப்பிடத்தில் அவர் அமர்ந்தார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அங்கிள், என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நான் இன்ஸ்பெக்டர் இல்லை. உதவியாளர். வாளிக்கு."

"தெரியும்" என்றார். "ரெண்டாவதா தண்ணி கேக்கேக்கயே தெரிஞ்சுட்டு." தண்ணீர் ஒரு தடவைதான் கேட்டேன். ஆனால் திருத்துகிற நேரமா அது? அவர் பெட்டியை மெல்லத் தட்டினார். "அந்தக் கிரேக்க மனுஷன் என்ன ஏமாத்தேல்ல. கேட்டீங்களா? நூறு வீதமாம்." அவருடைய கண் கலங்கியிருந்தது. ஒரு காலை இழந்து, ஒரு நண்பரைத் திரும்பப் பெற்றவரின் முகம் அது. நானும் மூக்கை உறிஞ்சினேன்.

"ஸ்டெல்லா விஷயம் எனக்கு எப்பவோ தெரியும்" என்றார் பிறகு. "இல்ல எண்டு சொல்லத்தான் உங்களக் கூப்பிட்டேன். இப்ப என்ன செய்ய? மருமகன் எண்டு பொலிஸ் புத்தகத்தில எழுதிக் கையெழுத்தும் வச்சாச்சு. இனி மாத்தினா என்னத்தான் பிடிச்சு உள்ள போடுவாங்க."

முத்திரைகளைத் தொலைத்ததற்காகத் தொழிற்சாலையில் என்னை மூடிப் பகுதிக்கு மாற்றினார்கள். சண்டையால் யாழ்ப்பாணப் பாதை மூடியிருந்ததால், கலியாணத்தை மறுத்து என் அப்பா எழுதிய கடிதம் எங்கெங்கோ சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தபோது, நானும் ஸ்டெல்லாவும் கலியாண அல்பம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மரியநாயகம் மாமா அதன் பிறகு ஒருநாளும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "பேனா" தான். அவரிடமிருந்து அது மாமிக்கு, மைத்துனனுக்கு, கொட்டாஞ்சேனைத் தெரு முழுவதற்கும் தொற்றியது. இப்போது கனடாவில் இருக்கும் ஸ்டெல்லாவின் தம்பி பிள்ளைகளுக்கும் நான் பேனா மாமா. அவர்கள் என்னை ஒரு பெரிய எழுத்தாளன் என்று நினைத்து வளர்ந்திருக்கிறார்கள். நானும் மறுக்கவில்லை. (மரியாதை தானாக வந்தால் ஏன் தடுக்க வேண்டும்?)

போன மாதம் அவர்களில் சின்னவன் தொலைபேசியில் கேட்டான்: "பேனா மாமா, நீங்க என்ன புக் எழுதினீங்க? எங்கட தமிழ் கிளாஸ் டீச்சர் கேக்கிறா."

நான் தொண்டையைச் செருமி, பெயர் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கையில் ஸ்டெல்லா தொலைபேசியைப் பறித்தாள்.

"மாமா எழுதினது ஒரேயொரு சொல்லுதான் மகன்" என்றாள். "அதையும் சீல்லதான் அடிச்சவர்."